வாசலில் தேசிக்காய், மனதில் பயம்: ஆவிக்குரிய போராட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். பிரசங்கம் முழுக்கத் தலையாட்டிக்கொண்டிருந்தவர் பிளாஸ்டிக் கதிரையைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, குரலைத் தணித்து, "அண்ணன், ஒன்று கேட்கலாமா?" என்பார். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களில் இப்படிக் கேட்டவற்றைக் கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். நான் போதகர் இல்லை, சபையில் வேதபாடம் எடுக்கிற ஒருவன். வசனங்களைப் பழைய வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து தருகிறேன். 'பிசாசு' என்று வருகிற இடத்தில் கத்தோலிக்க வாசகர்களின் விவிலியத்தில் 'அலகை' என்று இருக்கும். ஆள் ஒன்றுதான்.

ஆவிக்குரிய போராட்டம் என்றால் பேயோட்டுவதா?

பேயோட்டுவது அதில் ஒரு மூலை. முழு வீட்டையும் பார்க்க வேண்டுமென்றால் எபேசியர் நிருபத்தைத் திறவுங்கள். "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல, துரைத்தனங்களோடும், அதிகாரங்களோடும்... நமக்குப் போராட்டம் உண்டு" என்று 6ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். எழுதும்போது அவர் காவலில் இருக்கிறார். தன்னைச் 'சங்கிலியால் கட்டப்பட்ட ஸ்தானாபதி' என்று அதே அதிகாரத்தில் சொல்லிக்கொள்கிறார். ரோமில் அவரோடு ஒரு சேவகனும் காவலுக்கு இருந்தான் என்று அப்போஸ்தலர் 28 சொல்கிறது. இரத்தமும் சதையுமான ஒரு எதிரியைக் கைநீட்டிக் காட்ட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அவர் காட்டவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேவன் தருகிற ஆயுதங்களை ('சர்வாயுதவர்க்கம்') பற்றிப் பேசுவதற்கு முன் 4, 5ஆம் அதிகாரங்களில் அவர் எதைப் பேசுகிறார்? பொய், களவு, கெட்ட வார்த்தை, கசப்பு, பிறகு புருஷன் பெண்சாதி. 6ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் தகப்பன் பிள்ளை, எஜமான் வேலைக்காரன். அதற்குப் பிறகுதான் கச்சையும் கேடகமும் வருகின்றன. ஆகவே போர்க்களம் எங்கோ சுடுகாட்டில் இல்லை. பெரும்பாலும் குசினியிலும் சாப்பாட்டு மேசையிலும் கையிலிருக்கிற போனிலும்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது ஏறக்குறைய இவ்வளவுதான்.

பிசாசு உண்மையில் இருக்கிறானா, அல்லது தீமைக்கு வைத்த பெயரா?

இருக்கிறான் என்றுதான் வேதம் சொல்கிறது. வனாந்தரத்தில் இயேசு ஒரு உருவகத்தோடு வாதாடவில்லை. ஆனால் அவன் கடவுளுக்குச் சரிசமமான எதிரணித் தலைவனும் இல்லை. படைக்கப்பட்டவன். யோபுவைத் தொட அவனுக்கு அனுமதி தேவைப்பட்டது. சிலுவையில் கிறிஸ்து அந்த அதிகாரங்களை 'உரிந்துகொண்டு, வெளியரங்கமான கோலமாக்கி' வெற்றிசிறந்தார் என்று கொலோசெயர் 2:15 சொல்கிறது. தோற்றவன் போகிற போக்கில் செய்கிற அட்டகாசத்துக்குத்தான் நாம் முகங்கொடுக்கிறோம்.

வாசலில் வெட்டின தேசிக்காய் கிடந்தது. செய்வினையா? என்ன செய்வது?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கொழும்பில் இந்தப் பயத்துக்குச் சமயபேதம் கிடையாது. நாங்கள் செய்வினை, சூனியம் என்போம், சிங்கள அயலவர் ஹூனியம் என்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிய ஒரு அக்கா போன் எடுத்தார். தொடர்மாடியில் நான்காம் மாடி. நான் போனபோது வாசற்படிக்கு வெளியே ஒரு தேசிக்காய் குறுக்கே வெட்டப்பட்டுக் கிடந்தது. உள்ளே குங்குமம், மேலே துருப்பிடித்த இரண்டு ஆணி. அக்கா கதவுக்கு உள்ளே நிற்கிறார், வெளியே கால் வைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் பாடசாலைச் சீருடையோடு சோபாவில். அந்த வரிசையில் மற்ற மூன்று வீட்டுக் கதவுகளும் கால்வாசி திறந்திருந்தன.

பழைய பேப்பர் ஒன்றில் அதைச் சுற்றிக் குப்பைப் பையில் போட்டேன். படியைக் கழுவினோம். எண்ணாகமம் 23:23ஐ வாசித்தோம்: "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை, இஸ்ரவேலுக்கு விரோதமான குறிசொல்லுதலும் இல்லை." சின்ன ஜெபம். அவ்வளவுதான். பிள்ளைகள் பிந்தித்தான் என்றாலும் பாடசாலைக்குப் போனார்கள். என் விரல்களில் மத்தியானம் வரை தேசிக்காய் மணம் இருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சீட்டுக்காசு விஷயமாக எதிர்வீட்டுக்காரியோடு ஐந்து மாதமாகப் பேச்சில்லை. தேசிக்காயைக் கண்டதும் வைத்தது அவள்தான் என்று அக்கா முடிவுகட்டிவிட்டார். பிசாசு வேலை செய்தது அங்கேதான். அந்தக் காயால் ஒன்றும் செய்ய முடியவில்லை, சந்தேகம் செய்துவிட்டது. "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்ற எபேசியர் 4:27 எதைத் தொடர்ந்து வருகிறது என்று பாருங்கள். சூரியன் மறையுமுன் எரிச்சல் தணிய வேண்டும் என்ற வசனத்தைத் தொடர்ந்து வருகிறது. அங்கே மந்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மூன்று கிழமை கழித்து அக்கா ஒரு தட்டில் கொக்கிஸ் கொண்டுபோய் அந்தக் கதவைத் தட்டினார். சீட்டுக்காசு பாதிதான் திரும்பி வந்தது. தேசிக்காயை யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது.

செய்யக்கூடாத ஒன்று: மாற்று எடுக்கிறேன் என்று மந்திரம் செய்கிற கட்டாடியிடமோ சாத்திரக்காரரிடமோ ஓடுவது. உபாகமம் 18 அதைத் தெளிவாக விலக்குகிறது. அப்படிப் போனவர்கள் ஒருமுறையோடு நின்றதையும் நான் கண்டதில்லை.

கந்தோரில் எல்லாருக்கும் பிரித் நூல் (பௌத்தர்கள் ஓதிக் கையில் கட்டுகிற காப்பு நூல்) கட்டினார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

மரியாதையாக மறுக்கலாம். "கோபிக்க வேண்டாம், நான் கட்டுவதில்லை, நீங்கள் நினைத்ததற்கு நன்றி" என்றால் போதும். பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். மறுக்க முடியாமல் கட்டிக்கொண்டீர்களா? வீட்டுக்கு வந்து அவிழ்த்துவிடுங்கள். அந்த நூல் உங்களை ஒன்றும் செய்யாது. நீங்கள் அதை நம்பத் தொடங்குவதுதான் பிரச்சினை.

எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்ததை (அப்போஸ்தலர் 19) சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமதி. ஆனால் அவர்கள் எரித்தது தங்களுடைய புத்தகங்களை. அயலான் வீட்டுக்குள் புகுந்து எடுத்து எரிக்கவில்லை.

இதே அளவுகோலை நம் பக்கமும் வைக்க வேண்டும். ஆட்டோக் கண்ணாடியில் தொங்குகிற சிலுவையும், கதவுநிலையில் பூசுகிற ஜெப எண்ணெயும் கிறிஸ்துவை நினைப்பூட்டினால் நல்லது. 'இது இருந்தால் ஒன்றும் அண்டாது' என்று ஆகிவிட்டால் அதுவும் தாயத்துத்தான். பத்து வருடம் தலையணைக்கடியில் கிடந்த ஒரு வேதாகமத்தைக் கண்டிருக்கிறேன். அட்டை மட்டும் நசிந்திருந்தது, உள்ளே பக்கமெல்லாம் புத்தம்புதிது.

சர்வாயுதவர்க்கத்தைத் தினமும் காலையில் ஒவ்வொன்றாகச் சொல்லி 'அணிய' வேண்டுமா?

சொல்லி ஜெபிப்பதில் பிழையில்லை. என் மனைவி பஸ்ஸில் போகும்போது சொல்வார். ஆனால் சொல்லாமல் வெளிக்கிட்ட நாளில் ஆயுதமில்லாமல் நிற்கிறோம் என்று பயந்தால், வேதவசனத்தை மந்திரமாக்கிவிட்டோம் என்று அர்த்தம்.

இந்த ஆயுதங்கள் முதலில் யாருடையவை என்று தெரியுமா? ஏசாயா 59:17இல் கர்த்தரே நீதியை மார்க்கவசமாக அணிந்து, இரட்சிப்பென்னும் சீராவை, அதாவது தலைக்கவசத்தை, தரிக்கிறார். ஏசாயா 11:5இல் மேசியாவின் அரைக்கட்டு நீதி. பவுல் ரோமச் சேவகனைப் பார்த்துக்கொண்டே ஏசாயாவை நினைத்திருக்க வேண்டும். நாம் உடுத்துவது தகப்பனுடைய உடுப்பு. நமக்குப் பெரிதுதான், அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒவ்வொன்றும் அன்றாட வாழ்க்கையில் எப்படியிருக்கும்? சத்தியம் என்னும் கச்சையை எடுங்கள். கச்சை கட்டாதவன் ஓட முடியாது, அங்கி காலில் தடுக்கும். பொய்யும் அப்படித்தான். புருஷனுக்குத் தெரியாமல் நகையை அடகுவைத்த ஒரு தங்கை, அதை மறைக்க அடுத்தடுத்துச் சொன்ன பொய்களைக் கணக்குப் பார்த்துவிட்டு, "ஜெபிக்க முழங்கால் போட்டாலே துண்டுதான் ஞாபகம் வருகுது" என்றாள். அடகுத் துண்டைப் புருஷனிடம் காட்டிய அன்று அவள் கச்சையைக் கட்டினாள். அன்றிரவு வீட்டில் பெரிய சண்டை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேடகத்துக்குப் பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல் 'தூரெயோஸ்'. கதவு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கதவளவு பெரிய கேடகம். ரோமச் சேவகர் அதைப் பக்கத்தில் நிற்பவனுடைய கேடகத்தோடு சேர்த்துப் பிடித்து மதிலாக்குவார்கள். ஒருவனுடைய விசுவாசம் சோர்ந்திருக்கும் நாளில் பக்கத்திலிருப்பவனுடையது மறைக்கும். 'நமக்குப் போராட்டம் உண்டு', 'நில்லுங்கள்' என்று எல்லாம் பன்மையில்தான் இருக்கின்றன. தனியே அறைக்குள் பூட்டிக்கொண்டு போராடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "யாருக்காவது சொன்னீர்களா?" என்பதுதான்.

பாதரட்சை, தலைச்சீரா பற்றி நல்ல பிரசங்கங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள், விடுகிறேன். பட்டயத்தை, அதாவது தேவவசனம் என்னும் வாளைப் பற்றி அடுத்த கேள்வியில் வருகிறது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வருகிற வினை 'நிற்பது'. துரத்திக்கொண்டு போகச் சொல்லவில்லை. இடத்தை விடாமல் நில்லுங்கள் என்கிறது.

அதே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். எப்படி ஜெயிப்பது?

வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைக்கும் உபாகமத்திலிருந்து பதில் சொன்னார்: 8:3, 6:16, 6:13. பிசாசும் சங்கீதம் 91ஐ எடுத்துச் சொன்னான் என்பதை மறக்கக்கூடாது. வசனம் தெரிந்திருப்பது மட்டும் பட்டயம் ஆகாது. அது எந்த இடத்தில் எதற்காகச் சொல்லப்பட்டது என்று தெரிய வேண்டும். இன்னொன்று, முதல் சோதனை பசித்தபோது வந்தது. களைப்பு, பசி, தனிமை, நித்திரையில்லாமை, இவற்றை ஆவிக்குரிய விஷயமில்லை என்று தள்ளாதீர்கள்.

கிராண்ட்பாஸ் பக்கத்துத் தம்பி ஒருவன், கட்டுப்பாடில்லாமல் ஒன்லைன் சூதாட்டத்தில் விழுந்தவன், உபவாசமெல்லாம் எடுத்துப் பார்த்தான். கடைசியில் அவனுக்கு உதவியது இரவு பத்து மணிக்குப் போனைத் தாயின் அறையில் சார்ஜில் போடுவது, வங்கி அட்டையைத் தங்கையிடம் கொடுப்பது, கிழமைக்கொருமுறை எனக்கு உண்மையைச் சொல்வது. யாக்கோபு 4:7இல் "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்" என்பதைத்தான் எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதற்கு முன்னால் "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது. போனைத் தாயிடம் கொடுத்தது அவனுடைய கீழ்ப்படிதல்.

விழுந்தால் எழும்புங்கள். இயேசுவைக்கூடப் பிசாசு 'சிலகாலம்' தான் விட்டுப் போனான் என்று லூக்கா 4:13 எழுதுகிறது.

இரட்சிக்கப்பட்டவருக்குப் பிசாசு பிடிக்குமா?

சபைகளிடையே கருத்து வேறுபாடு உள்ள கேள்வி. என் வாசிப்பு: ஆவியானவர் குடியிருக்கிற இடத்தில் வேறொருவன் வீட்டுக்காரனாக முடியாது. "உங்களிலிருக்கிறவர் உலகத்திலிருக்கிறவனிலும் பெரியவர்" (1 யோவான் 4:4). ஆனால் வெளியிலிருந்து கல்லெறியலாம், சத்தம் போடலாம், பயங்காட்டலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பேயோட்டும் சடங்கை யாரும் நினைத்தபடி செய்ய முடியாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1172ஆம் இலக்கச் சட்டப்படி ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே செய்யலாம். அதற்கு முன், இது நோயா என்று உறுதிசெய்வது முக்கியம் என்று அவர்களுடைய மறைக்கல்வி ஏடும் சொல்கிறது. பெந்தெகொஸ்தே நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

மனச்சோர்வு, வலிப்பு, காதில் குரல் கேட்பது எல்லாம் ஆவியின் வேலையா?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கடுமையாகப் பதில் சொல்வேன், மன்னியுங்கள்.

காதில் குரல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாலிபன் மருந்தில் நன்றாக இருந்தான். ஒரு கூட்டத்தில் ஊழியக்காரர் ஒருவர், "மருந்தை விடு, இது ஆவி" என்றார். விட்டான். மூன்றாம் கிழமை தகப்பனும் மாமாவும் அவனைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பின்சீட்டில் அவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊழியக்காரர் பிறகு வந்து பார்க்கவில்லை.

மத்தேயு 4:24ஐ வாசியுங்கள். பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்புள்ளவர்கள்), திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாக எண்ணுகிறது. பிசாசு பிடிப்பதும் நோயும் ஒன்றில்லை என்று சுவிசேஷம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. பவுலின் கூட்டாளி லூக்கா வைத்தியன். சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் பிசாசைத் துரத்தவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தார், நித்திரை கொள்ள விட்டார், எழுப்பி மறுபடியும் சாப்பாடு கொடுத்தார். பேச்செல்லாம் அதற்குப் பிறகு (1 இராஜாக்கள் 19).

ஆகவே வைத்தியரிடம் போங்கள், ஜெபமும் செய்யுங்கள். வைத்தியர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். கொழும்பில் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரையே பகிடிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம், அந்த வெட்கத்தால்தான் பலர் போவதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. போனில் சேமித்து வையுங்கள். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் ஜெபக்கூட்டத்துக்கு நாள் குறிக்காமல் அன்றே உதவி தேடுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பரம்பரைச் சாபம் இருக்கிறது என்கிறார்கள். முறிக்க வேண்டுமா?

பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பது பற்றிச் சொல்கிற யாத்திராகமம் 20:5ஐக் காட்டுவார்கள். எசேக்கியேல் 18ஐயும் காட்டச் சொல்லுங்கள். 'பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின' என்ற பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்று கர்த்தர் அங்கே தடுக்கிறார். குடும்பங்களில் பழக்கம் இறங்கி வருவது உண்மை. குடித்த தகப்பன், அடித்த தாத்தா, கடன். அதற்குத் தேவை மனந்திரும்புதலும் நல்ல துணையும். சாபம் முறிக்கும் கட்டணக் கூட்டம் தேவையில்லை.

விடுதலை ஊழியம் என்று காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. மாயவித்தைக்காரன் சீமோன் ஆவியின் வரத்தை வாங்கக் காசை நீட்டியபோது "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்று பேதுரு சொன்னார் (அப்போஸ்தலர் 8:20). காசு கேட்பவர், உங்களைத் தனி அறைக்குக் கூப்பிடுபவர், அடிப்பவர், தலைமயிரைப் பிடித்து உலுக்குபவர், உங்கள் மாமியையோ மருமகளையோ 'சூனியக்காரி' என்று பெயர் சொல்பவர், இவர்களிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள். பிள்ளையைச் சாப்பாடில்லாமல் வைக்கச் சொல்பவரிடமிருந்து ஓடிவிடுங்கள். மாற்கு 9:29இல் 'ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும்' என்று இருக்கிறதே என்பார்கள். சில மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் உபவாசம் என்ற சொல்லே இல்லை. இருந்தாலும், அது சீஷர்களுக்குச் சொன்னது, நோயாளிப் பிள்ளைக்குச் சொன்னதில்லை.

வேறு மதத்தவர்கள் நமக்கு எதிரிகளா?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த கிழமைகளில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் வாதத்துக்காகக் கேட்கவில்லை, மையவாடியிலிருந்து வந்து கேட்டார்கள்.

அன்று எனக்குத் தெரிந்த பதில் 'மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல' என்ற எபேசியர் 6:12 மட்டும்தான். பல வருடமாக எங்களுக்குச் சீனி, பருப்பு கடனுக்குத் தந்த முஸ்லிம் கடைக்காரர் ஒரு மாதம் கடையை அரைக் கதவில் வைத்திருந்தார். நான் போய் வழக்கம்போல ஒரு கிலோ சீனி வாங்கினேன். அவர் மீதிக்காசு தரும்போது கை நடுங்கியது, எனக்கும்தான். பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் அப்போது கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் திருப்பலியில் மன்னித்ததாகவும் சொன்னார். அதோடு, உண்மை வெளிவர வேண்டும் என்று கேட்பதை அவர் நிறுத்தவும் இல்லை. மன்னிப்பும் நீதி கேட்பதும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை.

கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும் நம்மோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் எதிரியைத் தேடுகிறவன் வசனத்தைத் தலைகீழாக வாசிக்கிறான்.

வருடக்கணக்காக ஜெபித்தும் ஒன்றும் மாறவில்லை. தோற்றுவிட்டேனா?

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை 'சாத்தானுடைய தூதன்' என்றே சொல்கிறார். மூன்றுமுறை கேட்டும் அது எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12). எபேசியருக்கு ஆயுதங்களையெல்லாம் எழுதி முடித்தபின் தனக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறார். சங்கிலி கழல வேண்டும் என்று கேட்கவில்லை, வாய் திறந்து தைரியமாய்ப் பேச வேண்டும் என்று கேட்கிறார். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. வாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம்.

மகளுக்கு ஆறு வயது. இரவில் பேய்க்குப் பயப்படுகிறாள். லைட்டை எரிய விட்டால் விசுவாசக் குறைவா?

இல்லை. சங்கீதம் 4:8ஐச் சொல்லிக் கொடுங்கள்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." பேய்ப்படம் பார்க்கிற அண்ணனைக் கொஞ்சம் கண்டியுங்கள். பிறகு லைட்டை எரிய விடுங்கள்.